அந்தச் செய்தியை யார் எடுத்தது?

கனடாவில் இருந்துகொண்டு ஃபேஸ்புக்கில் ஒரு செய்தி இணைப்பைப் பகிர முயன்றவர்களுக்குத் தெரியும். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியாக இருந்தாலும் ரொறன்ரோ ஸ்டாராக இருந்தாலும் பிபிசியாக இருந்தாலும் போகாது. கனடா அரசின் சட்டத்தைக் காரணம் காட்டி ஒரு வரி வரும், அவ்வளவுதான். இன்னொருவர் செய்தித்தளம் ஒன்றில் இரவு ஒரு கருத்து எழுதியிருப்பார். காலையில் எழுந்து பார்த்தால் அதைக் காணோம். வேறொருவர் நவம்பர் கடைசியில் போட்ட படம், விதிகளுக்கு மாறானது என்ற அறிவிப்போடு நீக்கப்பட்டிருக்கும். இதற்கிடையில் வாரந்தோறும் வாசலில் வந்து விழுந்த ஸ்காபரோ மிரர் பத்திரிகை நின்றே போய்விட்டது.

இவை நான்கையும் சேர்த்து, "எல்லாத்தையும் மறைக்கிறாங்கள்" என்று திட்டுவதுதான் வழக்கம். திட்டுவதில் தவறில்லை. ஆனால் இந்த நான்கையும் செய்தவர்கள் வெவ்வேறு ஆட்கள், காரணங்களும் வெவ்வேறு. எடுத்தது யார் என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது, கேட்டால் பலன் உண்டா என்பதெல்லாம் புரியும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2023 கோடைகாலத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை 24 அன்று மாலை, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஓடிய ஆர்டி ரயிலின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகில் தடம் புரண்டது. ஐந்து பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1985 முதல் ஓடிய அந்தப் பாதை எப்படியும் அந்த நவம்பரில் மூடப்பட இருந்தது. ஆனால் இனித் திறக்கவே மாட்டோம் என்று ஆகஸ்ட் பிற்பகுதியில் ரொறன்ரோ பொதுப் போக்குவரத்து நிறுவனமான டிடிசி சொல்லிவிட்டது. மாற்றுப் பேருந்து எங்கே நிற்கும், கென்னடி நிலையத்துக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும், பேருந்துக்கென்று தனிப் பாதை எப்போது வரும் என்று ஊர் முழுக்கக் கேள்விகள். உள்ளூர்ச் செய்தி என்றால் இதுதான். ஒட்டாவாவிலோ நியூயோர்க்கிலோ இருப்பவருக்கு இதில் ஒரு அக்கறையும் இருக்காது.

அதே ஆகஸ்ட் 1 அன்று, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் கனடாவில் அந்த இரண்டிலும் செய்திகளை எடுக்கத் தொடங்கியது. செப்டம்பர் 15 அன்று மெட்ரோலாண்ட் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. எழுபதுக்கும் மேற்பட்ட தன் வாரப் பத்திரிகைகளின் அச்சை நிறுத்தியது. 605 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ஸ்காபரோ மிரர் அவற்றில் ஒன்று. மார்க்கம் நகரில் இருப்பவர்களுக்குத் தெரிந்த எகனாமிஸ்ட் அண்ட் சன் இன்னொன்று. எட்டு வாரங்களுக்குள் ரயில் போனது, ரயில் போனதைப் பற்றிப் படிக்கும் இடங்களும் போயின.

பத்திரிகையை நிறுத்தியது யார்?

முதலில் இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் தணிக்கையே இல்லை. இலவச வாரப் பத்திரிகையின் வருமானம் வாசகரிடமிருந்து வருவதில்லை. நடுவில் செருகி வரும் கடை விளம்பரத் தாள்கள், வாடகைக்கு வீடு, பழைய கார் விற்பனை, மரண அறிவித்தல், உள்ளூர் வியாபாரியின் அரைப்பக்க விளம்பரம் ஆகியவைதான் நிருபரின் சம்பளம். சிறு விளம்பரங்கள் கிஜிஜி என்ற இணைய விளம்பரத் தளத்துக்குப் போயின. கடைக்காரரின் விளம்பரப் பணம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு விளம்பரத் தாள்களும் குறைந்தன. மிச்சமிருந்த ஒரே தூணும் சாய்ந்தது.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 2017 நவம்பரில் டோர்ஸ்டார், போஸ்ட்மீடியா என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் 41 பத்திரிகைகளைக் கைமாற்றிக்கொண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை உடனே மூடின. ஓர் ஊரில் இரண்டு பத்திரிகை எதற்கு என்பது அவர்களுடைய கணக்கு. 2008க்குப் பிறகு கனடாவில் 500க்கும் அதிகமான உள்ளூர்ச் செய்தி அமைப்புகள் மூடப்பட்டதை ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று ஊர் ஊராகப் பதிவு செய்து வைத்திருக்கிறது.

இங்கே முறையிட யாரும் இல்லை. பள்ளிச் சபைக் கூட்டத்தில் யாராவது நிருபர் உட்கார்ந்திருக்கிறாரா, பாதையோரத்தில் எழும்பப்போகும் நாற்பது மாடிக் கட்டடத்துக்கு நகரசபையில் யார் கை உயர்த்தினார்கள் என்று எழுத ஆள் உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. யாரும் எதையும் நீக்கவில்லை. எழுதப்படவே இல்லை. நான்கு இழப்புகளிலும் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் எந்த அறிவிப்பும் வராததால் இதற்காக யாரும் கோபப்படுவதில்லை.

கருத்தை நீக்கியது யார்?

செய்தித்தளத்தில் எழுதிய கருத்து காணாமல் போனால், அது அந்தச் செய்தி நிறுவனத்தின் வேலை. இதற்கு மட்டுறுத்தல் என்று பெயர். மற்றவர்கள் எழுதி அனுப்புவதில் எதைக் காட்டுவது, எதைத் தள்ளுவது என்று இடத்தின் பொறுப்பாளர் முடிவெடுப்பது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதிய காலத்திலும் இது இருந்தது. பத்துக் கடிதம் வந்தால் இரண்டு அச்சாகும். மீதி எட்டுப் பேரும் தங்கள் குரல் நசுக்கப்பட்டதாக நினைத்ததில்லை. இணையத்தில் கருத்து முதலில் தெரிந்துவிட்டுப் பிறகு மறைவதால்தான் எரிச்சல் வருகிறது.

இதைச் செய்யும் முறைகள் பல. சில தளங்களில் ஒருவர் படித்துப் பார்த்த பின்தான் கருத்து வெளியாகும். சிலவற்றில் உடனே வெளியாகி, யாராவது புகார் செய்தால் மட்டும் பார்ப்பார்கள். பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு மென்பொருள் வடிகட்டி உட்கார்ந்திருக்கும். வசைச் சொல், இணைப்பு, முழுவதும் பெரிய எழுத்தில் கத்தும் ஆங்கில வரி என்று எதையாவது கண்டால் கருத்தை நிறுத்தி வைக்கும். வேலை நேரம் முடிந்திருந்தால் அது காலை வரை அப்படியே கிடக்கும். அதற்குள் அந்தச் செய்தியின் கீழ் கருத்துப் பகுதியே மூடப்பட்டிருக்கும். உங்கள் அரசியலைப் பிடிக்காமல் யாரோ நீக்கியதாக நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் யாரும் படித்தே இருக்க மாட்டார்கள்.

சில நேரம் சட்டமும் காரணமாகும். கனடாவில் 12 முதல் 17 வயது வரையுள்ள ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டால் அவருடைய பெயரை வெளியிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பையன் யாரென்று தெரியும். ஒருவர் உற்சாகமாக, "இது இன்னாருடைய மகன்" என்று செய்தியின் கீழ் எழுதுவார். அதை அப்படியே விட்டால் பத்திரிகைக்குத்தான் சிக்கல். அவுஸ்திரேலியாவில் 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இதைவிட ஒரு படி மேலே போனது. ஃபேஸ்புக் பக்கத்தில் வாசகர்கள் எழுதும் அவதூறுக் கருத்துகளுக்கும் அந்தப் பக்கத்தை நடத்தும் செய்தி நிறுவனமே வெளியீட்டாளர் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அங்கே கருத்துப் பகுதிகளைப் பூட்டி வைக்க யாருக்கும் தனிக் காரணம் தேவைப்படவில்லை.

கனடாவில் ரொறன்ரோ ஸ்டார் 2015 டிசம்பரில் தன் தளத்தில் கருத்துகளை மூடியது. ஏறக்குறைய அதே நேரத்தில் சிபிசி, பூர்வகுடி மக்களைப் பற்றிய செய்திகளின் கீழ் மட்டும் கருத்துகளை நிறுத்தியது. காணாமல் போன, கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிய செய்திக்குக் கீழேகூட வெறுப்பு குவிந்துகொண்டிருந்தது. 2016இல் உண்மைப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. 2021 ஜூனில் ஃபேஸ்புக்கில் தன் செய்திப் பதிவுகளின் கீழும் கருத்துகளை அணைத்தது. இதையெல்லாம் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நாளுக்கு ஆயிரக்கணக்கில் வரும் கருத்துகளைப் படிக்கும் வேலையில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர்கள் பேசலாம்.

ஆனாலும் ஒரு உண்மையான இழப்பு உண்டு. உள்ளூர்ச் செய்தியின் கீழ், "நான் அந்தத் தெருவில்தான் இருக்கிறேன், விளக்கு எரியாமல் நான்கு மாதமாகிறது" என்று ஒருவர் எழுதுவதும் செய்திதான். நிருபர்கள் அதிலிருந்து அடுத்த செய்தியைப் பிடித்ததும் உண்டு. வெறுப்பைத் தடுக்கப் பூட்டிய கதவு அந்த ஆளையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

படத்தை நீக்கியது யார்?

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ உங்கள் பதிவு நீக்கப்பட்டால், அது அந்த நிறுவனத்தின் சொந்த விதிப்படி நடந்தது. பெரும்பாலும் முதலில் முடிவெடுப்பது இயந்திரம். அது இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒன்று, ஏற்கெனவே தடை செய்த படத்தின் அடையாளத்தை எண் வடிவில் சேமித்து வைத்து, அதே படம் எங்கே வந்தாலும் பிடிப்பது. மற்றது, பழைய தீர்ப்புகளைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல், புதிய பதிவு எந்த வகையில் சேரும் என்று ஊகிப்பது. முதலாவது நுணுக்கமாகப் பிடிக்கும்; ஆனால் ஏன் போட்டீர்கள் என்று கேட்காது. இரண்டாவது ஆங்கிலத்தில் ஓரளவு தேறும், தமிழில் தடுமாறும். "உன்னைக் கொல்லப் போறன்" என்று தோழி தோழிக்கு எழுதுவதும் உண்மையான மிரட்டலும் அதற்கு ஒரே மாதிரித் தெரியலாம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலோ, யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் எழுதினாலோ இன்னும் குழம்பும். மறுபக்கம், சாதியைச் சொல்லித் திட்டும் அப்பட்டமான வசை தமிழில் இருப்பதாலேயே தப்பித்துவிடும். இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நவம்பர் கடைசி வாரத்து நீக்கங்களுக்கு வேறு பின்னணியும் உண்டு. விடுதலைப் புலிகளில் இறந்தவர்களை நினைவுகூரும் மாவீரர் நாள் அப்போதுதான் வரும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இலும் கனடா 2006இலும் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டன. மெட்டா அமெரிக்க நிறுவனம். ஆபத்தான அமைப்புகள் என்ற தலைப்பில் அதற்குத் தனி விதியே இருக்கிறது. அந்த விதி எழுத்தில் செய்தி அறிவித்தலையும் நடுநிலையான விவாதத்தையும் அனுமதிக்கிறது. புகழ்வது வேறு, செய்தி சொல்வது வேறு, இறந்துபோன அண்ணனின் படத்தைப் போட்டு அழுவது வேறு என்று மனிதருக்குத் தெரியும். இயந்திரத்துக்குச் சீருடையும் கொடியும்தான் தெரியும். தமிழ் ஊடகம் ஒன்று அதே நிகழ்வைச் செய்தியாகப் போட்டாலும் இதே வலையில் மாட்டலாம்.

நீக்காமலே மறைப்பதும் உண்டு. பதிவு இருக்கும், யாருக்கும் காட்டப்படாது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் ஓடையில் (நியூஸ் ஃபீட்) நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை கொடுக்கப்போவதாக அறிவித்தபோது, செய்திப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சின்னப் பத்திரிகைகள் தங்கள் வாசகரையெல்லாம் ஃபேஸ்புக்கில்தான் சேர்த்து வைத்திருந்தன. வாடகைக் கடையில் இருபது வருட வாடிக்கையாளரைச் சேர்த்தவரிடம், கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து படியை இடிக்கப்போகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

இணைப்பைத் தடுத்தது யார்?

இப்போது மிகவும் குழப்பமானதற்கு வருவோம். இணையச் செய்திச் சட்டம் 2023 ஜூன் 22 அன்று ஒப்புதல் பெற்றது. சி-18 என்ற எண்ணில்தான் பலருக்கும் அதைத் தெரியும். அது எந்தச் செய்தியையும் நீக்கச் சொல்லவில்லை. செய்திகளைத் தங்கள் தளத்தில் காட்டும் மிகப் பெரிய நிறுவனங்கள், அந்தச் செய்தியை உருவாக்கியவர்களோடு பேசிப் பணம் கொடுக்க வேண்டும் என்றது. விளம்பரப் பணம் போன வழியைத்தான் மேலே பார்த்தோமே. அதில் கொஞ்சத்தைத் திருப்பி வாங்கும் முயற்சி இது.

செய்தியைக் காட்டினால்தானே சட்டம் பொருந்தும், காட்டவே மாட்டேன் என்றது மெட்டா. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் இதில் அடங்கியதால் கனடாவில் இருப்பவர்களுக்கு எந்த நாட்டுச் செய்தியும் அங்கே தெரியாமல் போனது. கூகுளும் முதலில் அதே மிரட்டலை விடுத்தது. பிறகு 2023 நவம்பரில் ஆண்டுக்கு 10 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நின்றுகொண்டது. அதனால்தான் கூகுளில் தேடினால் செய்தி வருகிறது, ஃபேஸ்புக்கில் வருவதில்லை.

அப்படியானால் தடுத்தது அரசா, மெட்டாவா? பொத்தானை அழுத்தியது மெட்டா. அழுத்தும் காரணத்தைக் கையில் கொடுத்தது அரசு. அவுஸ்திரேலியாவில் 2021 பெப்ரவரியில் இதே நாடகத்தின் ஒத்திகை நடந்திருந்தது. அங்கே ஃபேஸ்புக் செய்திகளைத் தடுத்தபோது சுகாதாரத் துறை, வானிலை, தீயணைப்புப் பக்கங்கள்கூடச் சேர்ந்து மறைந்தன. அரசு சட்டத்தில் சில திருத்தங்களுக்கு இணங்கியது. சில நாட்களில் எல்லாம் திரும்பின. கனடா அதே முடிவு இங்கேயும் வரும் என்று நம்பிக் காய் நகர்த்தியது. வரவில்லை.

அடி யாருக்கு விழுந்தது என்று 2023 ஆகஸ்ட் 16 அன்று தெரிந்தது. காட்டுத்தீ நெருங்கியதால் வடக்கே யெலோநைஃப் நகரத்தின் ஏறக்குறைய 20,000 பேரையும் வெளியேறச் சொன்னார்கள். அந்த ஊருக்குக் கேபின் ரேடியோ என்ற சிறிய, நல்ல செய்தித்தளம் இருக்கிறது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே பெற்றோல் கிடைக்கும் என்று அவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கில் அந்த இணைப்பைப் பகிர முடியவில்லை. மக்கள் திரையைப் படம் பிடித்துப் போட்டார்கள். தடையை விலக்கச் சொல்லி அரசு கேட்டும் மெட்டா விலக்கவில்லை.

அந்தத் திரைப்படப் பழக்கம் இன்றும் தொடர்கிறது, சினிமாவைச் சொல்லவில்லை, திரையைப் பிடித்த படத்தைச் சொல்கிறேன். அதில் பெரும்பாலும் திகதி இருக்காது, மூல இணைப்பு இருக்காது. போன வருடத்துப் பனிப்புயல் எச்சரிக்கை இந்த வருடம் சுற்றும். யாராவது நடுவில் ஒரு வரியை மாற்றினாலும் கண்டுபிடிக்க வழியில்லை. செய்தியைத் தடுத்த இடத்தில் வதந்திக்குத் தடை இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் மிக விசித்திரமான பக்கம்.

சரி, யாரிடம் போவது?

செய்தித்தளம் உங்கள் கருத்தை நீக்கியிருந்தால் முதலில் அவர்களுடைய விதிகளைப் பாருங்கள், பிறகு ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். செய்தியிலேயே தவறு என்றால் சிபிசியில் முறைப்பாடுகளைக் கேட்கத் தனி அதிகாரி உண்டு. உறுப்புப் பத்திரிகைகளுக்கு தேசியச் செய்தி ஊடக சபை இருக்கிறது. பதில் மெதுவாக வரும், ஆனால் மனிதரிடமிருந்து வரும்.

மெட்டா நீக்கியிருந்தால் அறிவிப்பிலேயே மறுபரிசீலனைக்கு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தத் தயங்க வேண்டாம். இயந்திரம் எடுத்ததை மனிதர் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது. அதுவும் தோற்றால், மெட்டாவின் முடிவுகளை மீளாய்வு செய்யும் மேற்பார்வை வாரியத்துக்கு அனுப்பலாம். ஆனால் அது மிகச் சில வழக்குகளையே எடுக்கும். ஐரோப்பாவில் இருக்கும் உறவினருக்கு இதைவிட வசதி அதிகம். அங்கே 2024 பெப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நீக்கினால் காரணம் சொல்லியாக வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே உள்ள அமைப்பிலும் முறையிடலாம். கனடாவில் கொண்டுவரப்பட்ட இணையத் தீங்குகள் மசோதா, 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது செத்துப்போனது.

செய்தி இணைப்புத் தடைக்கு மறுபரிசீலனைப் பொத்தான் கிடையாது. அதைச் சுற்றிப் போவதுதான் வழி. உங்களுக்குப் பிடித்த தளத்தின் முகவரியை உலாவியில் நேரே சேமித்து வைக்கலாம், அவர்களுடைய மின்னஞ்சல் மடலுக்குப் பதியலாம். ரொறன்ரோ பொது நூலக அட்டை இருந்தால் பிரஸ்ரீடர் என்ற இணையச் சேவை மூலம் பல நாட்டுப் பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். அட்டை எடுத்தவர்களில் பலருக்கே இது தெரியாது. ஆபத்துக் காலத்தில் கைபேசி அலறும் அலேர்ட் ரெடி எச்சரிக்கை ஃபேஸ்புக்கை நம்பியிருக்கவில்லை. ஆனால் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வருகிறது. வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்வது இன்னமும் குடும்ப வட்சப் குழுதான்.

அந்த வட்சப் குழுவிலும் மட்டுறுத்தல் உண்டு, ஆனால் அங்கே ஆட்கள் நாமேதான். செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் நிறுவனம் அவற்றைப் படிப்பதில்லை. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பலமுறை சுற்றிவந்தது என்றால் ஒன்றுக்கு மட்டுமே அனுப்பலாம். மற்றபடி எல்லாம் குழு நிர்வாகி கையில். அவர் யாருடைய பதிவையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்கலாம். நீக்கினால் அந்த இடத்தில் எந்த நிர்வாகி நீக்கினார் என்று பெயரோடு காட்டும். இந்தக் கட்டுரையில் பார்த்த இடங்களில் நீக்கியவரின் பெயர் தெரிவது இங்கே மட்டும்தான். அநேகமாக அது உங்கள் சித்தப்பாவாக இருக்கும். தொலைபேசியில் கூப்பிட்டே கேட்கலாம்.